தலைக்கயிற்றில் ஒரு பிளாஸ்திரி

ஊட்டியில் கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரை ஒன்று காலையிலிருந்து முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. படுப்பதும் எழுவதும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பதுமாக இருந்தது. வயிற்றுவலிதான். கோலிக் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் குதிரைக்காரர்களும் இப்போது அப்படியே சொல்கிறார்கள். சீசன் நேரத்தில் திங்கட்கிழமை என்றால் இப்படி ஒன்றாவது வரும். இரண்டு நாள் பயணிகள் ஊட்டிவிட்ட பிரெட்டும், குப்பைமேட்டில் கிடைத்த சோளத்தட்டையும், சமயத்தில் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

"காலையிலேயே ஒரு ஊசி போட்டாச்சுங்க சார், கேக்கல" என்றார் குதிரைக்கார பாய்.

காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து ஃப்ளூனிக்சின் என்கிற வலி ஊசியை 10 மில்லி கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றினேன். சாதுவாக நின்றது. இரவு மறுபடி உருண்டது என்று ஆள் வந்தார். இன்னொரு 5 மில்லி. அடுத்த இரண்டு நாளும் இதே கதை. மூன்றாம் நாள் லத்தி போட்டது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கும் பெருமைதான்.

ஐந்தாம் நாள் பேதி. அடிவயிற்றில் விரலால் அழுத்தினால் குழி விழுகிற வீக்கம். தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்பதாம் நாள் விடிகாலையில் செத்தது.

வயிற்றைத் திறந்தபோது அடைப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அது நன்றாகவே சரியாகியிருந்தது. பெருங்குடலின் வலது மேல்பகுதி மட்டும் ஊறப்போட்ட தோல் மாதிரி கனத்து, உள்பக்கம் காசு காசாகப் புண்ணாகிக் கிடந்தது. சிறுநீரகத்தை நெடுக்காகப் பிளந்தால் உள்நுனி வெளிறிச் செத்திருந்தது. பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். வலி ஊசி அளவு மீறினால் வருவது. அது நான் போட்ட ஊசி.

பிறகுதான் விசாரித்தேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் ஒருவர் மாட்டுக்கும் குதிரைக்கும் ஊசி போடுகிறவர். மூன்று நாளும் காலையில் அவர் மெலாக்சிகாமும் பாரசிட்டமாலும் கலந்த மருந்து போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நான். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. பாய்க்கு இரண்டுமே "வலி ஊசி"தான்.

ஃப்ளூனிக்சின், மெலாக்சிகாம், ஃபினைல்பியூட்டசோன் எல்லாம் வேறு வேறு புட்டி, வேறு வேறு விலை. உள்ளே போய்ச் செய்கிற வேலை ஒன்றுதான்: புரோஸ்டகிளாண்டின் ஊறுவதைத் தடுப்பது. வலியையும் வீக்கத்தையும் கொண்டுவருவது அந்தச் சுரப்புதான். இரைப்பைக்கும் குடலுக்கும் உள்ளே சளிப்போர்வை போர்த்துவதும் அதுவே. உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. கோலிக் வந்த குதிரை தண்ணீரே குடித்திருக்காது. அந்த நிலையில் ஒரே இனத்து மருந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வலிக்குக் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம், குடலும் சிறுநீரகமும் கொடுக்கும் விலை பெரிது. ஃபினைல்பியூட்டசோனையும் ஃப்ளூனிக்சினையும் ஐந்தே நாள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006ல் வந்தது. ரத்தத்தில் புரதம் சரிந்தது, ஒரு குதிரை பெருங்குடல் அழுகிச் செத்தது. ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோனையும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். கல்லூரியில் எங்களுக்குக் கைவந்த கணக்கு 450 கிலோ குதிரைக்கு. ஃப்ளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் வீதம் ஏறக்குறைய 10 மில்லி வரும். ஊட்டி மட்டம் அவ்வளவு எங்கே இருக்கிறது? இப்போது தையல்காரர் டேப் ஒன்று பெட்டியிலேயே கிடக்கிறது. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 145, நீளம் 130 என்றால் 230 கிலோ. 5 மில்லி போதும். 12 மணி நேரத்துக்குள் அடுத்தது கிடையாது.

அந்தக் குதிரையை ஆழமாகப் புதைக்கச் சொல்லிக் கூடவே நின்றேன். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இருக்கின்றன. டைக்ளோஃபெனாக் என்கிற இதே இனத்து வலி மருந்து ஏறிய பிணத்தைத் தின்றுதான் நாடு முழுவதும் அந்தக் கழுகுகள் ஏறக்குறைய அழிந்தன. கால்நடைக்கு அதை 2006லும், கீட்டோப்ரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் 2023லும் தடை செய்தார்கள். ஃப்ளூனிக்சினும் கழுகுக்கு நல்லதில்லை.

சில வருடம் கழித்து இன்னொரு இரவு, இன்னொரு மட்டம். அதே வாக்கியம்: "ஒரு ஊசி போட்டாச்சுங்க."

"எந்த ஊசி? காலி புட்டி எங்கே?"

"தூக்கிப் போட்டாச்சு சார்."

"தேடி எடுத்துட்டு வா தம்பி. அதுவரைக்கும் பெட்டியைத் திறக்க மாட்டேன்."

பையன் செல்போன் வெளிச்சத்தில் குப்பையைக் கிளறப் போனான். நான் நாடியை எண்ணினேன், 48. ஈறு வறண்டிருந்தாலும் நிறம் கெடவில்லை. மூக்குவழிக் குழாய் விட்டேன், எதுக்களித்து ஒன்றும் வரவில்லை. பையன் கொண்டுவந்த புட்டியில் மெலாக்சிகாம். அப்படியென்றால் அந்த இனத்தில் வேறெதுவும் ஒரு நாள் முழுக்கக் கிடையாது. வேறு வழியில் வேலை செய்கிற மருந்துக்குப் போனேன்: கொஞ்சம் சைலசின், கூடவே புட்டார்ஃபனால். சைலசின் அரை மணி நேரம்தான் தாங்கும். அந்தக் குறைதான் எனக்குப் பிடித்தது. மருந்து இறங்கியதும் குடல் எப்படி இருக்கிறதென்று குதிரையே காட்டிவிடும். ஃப்ளூனிக்சின் நல்ல மருந்துதான், ஆனால் குடல் முறுக்கிக்கொண்ட குதிரையைக்கூடச் சில மணி நேரம் அமைதியாக நிற்கவைத்துவிடும். அந்த மணி நேரங்கள்தான் மலையிறக்கி அறுவைக்குக் கொண்டுபோக நமக்கு இருப்பவை. நாடி 60ஐத் தாண்டியிருந்தால், குழாயில் திரவம் கொட்டியிருந்தால், அன்றிரவே வண்டி பிடிக்கச் சொல்லியிருப்பேன்.

குழாய் வழியே வெதுவெதுப்பான தண்ணீரும் பேதி உப்பும் இறக்கினேன். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. பையனின் தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தக் காலத்து டாக்டர் வந்ததும் ரெண்டு ஊசி போட்டுட்டுப் போவாரு. நீங்க சும்மா நிக்கறீங்களே?" என்றார். ஊசி போடாத டாக்டருக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனது வராது, எனக்கும் அது தெரியும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு லாயத்துப் படியில் உட்கார்ந்தேன். தாத்தா டீ கொடுக்கச் சொல்லவில்லை. மூன்று மணிவாக்கில் குதிரை காற்றை விட்டது. பையன்தான் சத்தம் போட்டுச் சிரித்தான்.

கிளம்பும்போது அகலப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்துத் தலைக்கயிற்றில் ஒட்டினேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணி. அதன் மேலே, காலையில் போன மெலாக்சிகாமும். கேஸ்ஷீட் எழுதினால் மழையில் போய்விடும், சொல்லிவிட்டு வந்தால் மறந்துபோகும். குதிரை எங்கே போனாலும் தலைக்கயிறும் கூடவே போகும்.

மறுநாள் சாயங்காலம் பார்க்கப் போனேன். என் எழுத்துக்குக் கீழே நீல மையில், வயதானவர் கையெழுத்தில், ஒரு வரி கூடியிருந்தது: 'காலை 9. ஊசி போடவில்லை. லத்தி போட்டது.'