ரிசர்வாயர் 320 காட்டியது, கரண்ட் வரவில்லை

இரண்டு நாள் வீணாய்ப் போனது நாலு சென்டிமீட்டர் செப்புக் குழாயால். சூடான எமிட்டர் உமிழும் எலக்ட்ரான்களை எதிரே உள்ள கலெக்டரில் பிடித்து, சூட்டை நேரே மின்சாரமாக்குவது தெர்மியானிக் கன்வெர்ட்டர். சீசியம் ஆவியில் ஓடும் அப்படி ஒன்றைச் சோதிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

வேக்வம், பேக்கிங் (சூடாக்கி உள்ளே ஒட்டிய வாயுக்களை விரட்டுவது), குழாயை நசுக்கி உள்ளிருந்த சீசியம் ஆம்பூலை (மூடிய குப்பியை) உடைத்தது எல்லாம் பிசகில்லாமல் முடிந்தன. டங்ஸ்டன் எமிட்டர் 1800 கெல்வின், திரவச் சீசியம் இருக்கும் ரிசர்வாயர் 320 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டுக்குச் சீசியம் ஏறத்தாழ 3 டோர் அழுத்தம் தர வேண்டும் (760 டோர் ஒரு வளிமண்டல அழுத்தம்). வந்த கரண்டோ எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைச் சந்தேகப்பட்டு மாற்றினோம். புதியதும் அதே 320.

ஆவியழுத்தத்தைத் தீர்மானிப்பது உறைக்குள் சூடு மிகக் குறைந்த இடம். நசுக்கி மூடிய குழாயின் முனை காப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டு அளந்தால் 260 டிகிரி. சீசியமெல்லாம் அங்கே போய்த் தேங்கிவிட்டது, அழுத்தம் 0.6 டோர்தான்.

இந்த வித்தியாசம் ஏன் இப்படிக் கடிக்கிறது? வெறும் டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை அதிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், 4.5 எலக்ட்ரான் வோல்ட். 1800 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லியாம்பியர்தான் தேறும். சீசியம் படிந்து அது 2.8க்கு இறங்கினால் 5 ஆம்பியரைத் தாண்டும். அழுத்தம் குறைந்தால் படிவு மெலியும், ஆற்றல் மேலே ஏறும். கரண்ட் சூத்திரத்தில் அடுக்குக்குறியில் இருக்கும் எண் அல்லவா, சின்ன ஏற்றத்துக்கே கரண்ட் சரியும்.

முனைக்கு ஹீட்டர் டேப் சுற்றி, ரிசர்வாயர் தவிர மற்ற எல்லா இடத்தையும் அதைவிட 30 டிகிரி மேலே வைத்ததும் கரண்ட் ஏறியது. அலுமினா இன்சுலேட்டரையும் மறக்காதீர்கள். அது குளிர்ந்தால் சீசியம் படலம் கட்டி எமிட்டர், கலெக்டர் இரண்டு பக்கத்தையும் ஷார்ட் பண்ணும். வோல்ட்-ஆம்பியர் வரைபடம் பூஜ்யத்தின் வழியே நேர்கோடாகப் போனால் முதலில் அங்கே பாருங்கள்.

ஆக்சிஜன் சேர்த்தால் இன்னும் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும். டங்ஸ்டனில் ஒட்டிய ஆக்சிஜன் சீசியத்தை இறுக்கிப் பிடிப்பதால் குறைந்த அழுத்தத்திலேயே அதே கரண்ட் வரும். ஆனால் சூடான நியோபியம் பாகங்கள் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். மிஞ்சியது டங்ஸ்டனை ஆக்சைடாக எமிட்டரிலிருந்து கிளப்பிக் கலெக்டரில் படியவைக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் அதற்கெல்லாம் இடமில்லை.