எடைமேடையில் நின்ற லாரி

கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. அதன் சர்வர் அறையில் இருந்த டொமைன் கண்ட்ரோலரின், அதாவது எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரின், முன்பக்கத்தில், மார்க்கரால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது: "ஆஃப் செய்யக் கூடாது." எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதை ஆஃப் செய்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

உள்ளே விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆலையில் எல்லோரும் காலையில் லாகின் செய்வது அந்த ஒரே பெட்டி வழியாகத்தான். அது படுத்தால் ஆலையே படுத்துவிடும் என்பதுதான் என் பயம்.

புதிதாக இரண்டு 2019 சர்வர்களைச் சேர்க்கப் போனேன். முதல் படியிலேயே நின்றது. இந்த டொமைன், அதாவது ஆலையின் லாகின்களும் கம்ப்யூட்டர்களும் சேர்ந்த குழு, 2003 சர்வரில் பிறந்தது. அதனால் டொமைனின் விதிகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டர், சர்வர்களுக்கிடையே நகலெடுக்க இன்னும் பழைய எஃப்ஆர்எஸ் முறையிலேயே இருந்தது. 2019 அதை ஏற்காது. அதே வேலையைச் செய்யும் புதிய முறையான டிஎஃப்எஸ்ஆருக்கு மூன்று கட்டமாக மாற்றிய பிறகுதான் வழி திறந்தது. ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டுமே ஏற்கக்கூடிய எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகள் ஐந்தையும் புதிய சர்வருக்கு மாற்றியது ஐந்து நிமிட வேலை.

கஷ்டம் டிஎன்எஸ்ஸில் இருந்தது, அதாவது பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்லும் சேவையில்; அதையும் அந்தப் பழைய சர்வர்தான் செய்துவந்தது. கருவிகளுக்கு நெட்வொர்க் விவரங்களைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியில் புதிய டிஎன்எஸ் முகவரிகளைக் கொடுத்தாயிற்று. ஆனால் கையால் ஐபி போட்ட கருவிகளுக்கு அது தெரியாதே! பழைய சர்வரில் யார் என்ன பெயர் கேட்டார்கள் என்று பதியும் டிஎன்எஸ் டீபக் லாகைத் திறந்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். இன்னும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது யார்? கேட்டில் இருக்கும் பஞ்சிங் மெஷின், டெஸ்பாட்ச் ஸ்கேனர், ஒரு லேபிள் பிரிண்டர். ஒவ்வொன்றாகத் தேடிப்போய் மாற்றினேன்.

சரி, போதும் என்று வெள்ளி மாலை நெட்வொர்க் கேபிளை உருவினேன். உடனே டிமோட் செய்யவில்லை, அதாவது டொமைன் கண்ட்ரோலர் பொறுப்பிலிருந்து நீக்கவில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் கேபிளைத் திரும்பச் செருகிக்கொள்ளலாம்.

திங்கள் காலை எடைமேடையிலிருந்து போன். "சார், ஸ்கிராப் லாரி நிக்குது. புரோகிராம் தொறக்க மாட்டேங்குது."

ஓடினேன். அந்த கம்ப்யூட்டர் லாரி வந்தால்தான் ஆன் ஆகும். நான் லாக் பார்த்த இரண்டு நாளும் லோடு வரவில்லை. லாகின் ஆகியிருந்தது, பழைய பாஸ்வேர்டு விவரம் அதிலேயே சேமித்து இருந்ததால். டேட்டாபேஸ் சர்வரின் பெயருக்கான முகவரியைத்தான் அந்த கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. டிஎன்எஸ்ஸை மாற்றினேன், எடை திரையில் வந்தது. டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் அவரை நிற்கவைத்தது இன்னும் உறுத்துகிறது. லாகைப் படித்த நேரத்தில் ஆலையை ஒரு சுற்று நடந்து வந்திருக்கலாம்.

மாதச் சம்பளக் கணக்கு முடியும்வரை காத்திருந்து, கேபிளைச் செருகி, சர்வர்களுக்கிடையே நகலெடுக்கும் ரெப்ளிகேஷனில் பிழை இல்லை என்று பார்த்த பிறகு, டிமோட் செய்யும் டிசிப்ரோமோ புரோகிராமை ஓட்டினேன். 'இதுவே டொமைனின் கடைசி டொமைன் கண்ட்ரோலர்' என்று ஒரு டிக் பெட்டி வரும். அது காலியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பட்டனை அமுக்கினேன். அப்புறம் டிஎன்எஸ்ஸில் மிச்சமிருந்த பழைய சர்வரின் பெயர்களைத் துடைத்தேன்.

பெட்டியை ரேக்கிலிருந்து இறக்கும்முன் அந்தத் தாளைக் கிழியாமல் உரித்தேன். அது இப்போது எடைமேடை கம்ப்யூட்டரின் ஐபி எழுதிய என் நோட்டுக்குள் இருக்கிறது.