ஆர்எக்ஸ் 100 டேங்க் பெயிண்ட் வேலை – நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட பெட்ரோல் டேங்க்க இன்னைக்கு கழட்டியாச்சு. அப்பா இத செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதே கருப்பு. வலது பக்கம் ஹேண்டில் இடிச்சு நல்ல ஒடுக்கு, அத சுத்தி பெயிண்ட் வெடிச்சு உரிஞ்சு அடியில துரு ஏறிட்டே இருக்கு. கம்பெனி 1996லயே தயாரிப்ப நிறுத்திட்ட வண்டி, நல்ல டேங்க் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல தேடினாலும் விலை தலைய சுத்துது, கெடச்சாலும் அது நம்ம டேங்க் கெடையாதுல்ல. அதனால இதையே உரிச்சு அடிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். எனக்கு பெயிண்டிங்ல முன்னனுபவம் எதுவும் கெடையாது, அம்பத்தூர்ல எங்க தெருமுனை டிங்கர் கடை அண்ணன் சொல்ல சொல்ல செய்யப்போறேன்.

சீட்ட எடுத்து, பின்னாடி போல்ட்ட கழட்டி, பெட்ரோல் டியூப்ப உருவி, பின்பக்கமா இழுத்தா டேங்க் வந்துடுது. பெட்ரோல் டேப் (திறந்து மூடுற குழாய்), மூடி, பீடிங் ரப்பர் எல்லாம் தனியா எடுத்து வச்சாச்சு.

அண்ணன் மொதல்ல சொன்னதே இதுதான்: "தம்பி, முழுசா பெட்ரோல் இருக்குற டேங்க்க விட காலி டேங்க்தான் டேஞ்சர்." உள்ள நிக்கிற ஆவி காத்தோட கலந்துதான் வெடிக்கும், அது காத்த விட கனம் வேற, தரையோட தவழ்ந்து போகும், எங்கயோ எரியுற அடுப்ப போய் தொடும். அதனால மொட்டை மாடியில வச்சு சோப்பு தண்ணி முழுசா நிரப்பி கொட்டி, மறுபடி நிரப்பி கொட்டி, வாசனை சுத்தமா போற வரைக்கும் செஞ்சேன். தண்ணி நிரப்பும்போதே எங்கயாவது கசியுதான்னும் பாத்துக்கலாம். கசியல, பெரிய நிம்மதி.

ஜனவரி 5, ஞாயிறு

எல்இடி டார்ச் அடிச்சு உள்ள பாத்தா அடியில நல்ல துரு. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறாங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும், வண்டிய ஓட்டாம நிறுத்தி வச்சா அந்த தண்ணி அடியில தங்கி இரும்ப அரிக்கும். பழைய வண்டி வச்சிருக்கவங்க எல்லாரும் ஒரு தடவ உள்ள டார்ச் அடிச்சு பாருங்க.

டேப் ஓட்டைய ரப்பர் வச்சு அடச்சு, தண்ணி கலந்த பாஸ்பாரிக் ஆசிட் ஊத்தி வச்சிருக்கேன், அப்பப்ப பொரட்டி போடணும். கையில ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி. வெளிய உரிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வேலைய முடிச்சிடணும்னு அண்ணன் கண்டிப்பா சொல்லிட்டார், உரிச்ச தகடுல ஈரம் பட்டா கண்ணு முன்னாடியே துரு பூக்குமாம்.

ஜனவரி 6, திங்கள்

காலைல ஆசிட்ட வடிச்சு, சோடா உப்பு தண்ணியில அலசி, நல்ல தண்ணியில அலசி, ஹேர் டிரையர் போட்டு காய வச்சு, உடனே கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) விட்டு உள்ள முழுக்க சுத்தி விட்டாச்சு. உள்ள சாம்பல் கலர்ல இருக்கு இப்ப. பெட்ரோல் டேங்க்ல 2டி ஆயில் இருந்தா ஒண்ணும் கெடுதல் இல்ல, ஆனா வெளிய ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் ஒட்டாதுன்னு வாயெல்லாம் ஒட்டுற டேப் போட்டு மூடிட்டேன்.

ஜனவரி 11, சனி

உரிக்கிற நாள். இந்த நாளுக்காகத்தான் வாரம் முழுக்க காத்துட்டு இருந்தேன்.

கடையில வாங்குன பெயிண்ட் ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடு இருக்கு. தோல்ல பட்டா எரியும், மூடுன ரூம்ல வச்சு வேலை செஞ்சா ஆளயே கொல்லும், அமெரிக்காவுல 2019லயே வீட்டு உபயோகத்துக்கு விக்கிறத தடை பண்ணிட்டாங்க. அதனால திறந்த மாடி, காத்து நம்ம முதுகு பக்கத்துல இருந்து அடிக்கிற மாதிரி நின்னு, ப்ரஷ்ல தடியா ஒரு பூச்சு பூசி மேல பாலித்தீன் கவர் சுத்தி வச்சிட்டேன். கொஞ்ச நேரத்துல பெயிண்ட் முழுக்க சுருங்கி கொப்புளம் கொப்புளமா எழும்புது, பட்டி (பள்ளம் நிரப்புற பசை) பூசுற பிளாஸ்டிக் தகடால தள்ளுனா தோல் மாதிரி உரிஞ்சு வருது.

கருப்புக்கு அடியில சிவப்பு! கம்பெனி சிவப்பு, அந்த செர்ரி ரெட். அப்பாவ மாடிக்கு கூப்ட்டு காட்டினேன். இத்தன வருஷம் ஓட்டியும் அவருக்கே தெரியாது. விரல் வச்சு தடவி பாத்துட்டு "அப்ப சிவப்பே அடிச்சிடு"ன்னார். கருப்பு ஸ்ப்ரே கேன் ரெண்டு வாங்கி வச்சிருந்தேன், பரவால்ல, கைட் கோட்டுக்கு, அதாவது மேடு பள்ளம் தெரிய லேசா தூவுறதுக்கு ஆகும்.

இடது பக்கமும் யாரோ பழைய பட்டிய கனமா அப்பி வச்சிருக்காங்க, தட்டுனா சத்தம் மந்தமா வருது. அதையும் வழிச்சு எடுத்துட்டு, தின்னர்ல தொடச்சு, 80 நம்பர் எமரி தாள் (நம்பர் ஏற ஏற நைசு) போட்டு தகடு பளிச்சுன்னு ஆன பிறகு டிங்கர் கடைக்கு எடுத்துட்டு போனேன். அண்ணன் பசை வச்சு இழுக்குற டூல்ல ரெண்டு ஒடுக்கையும் முடிஞ்ச வரைக்கும் வெளிய எடுத்து குடுத்தார். பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல போனா ஒருநாள் வெடிக்கும், மொதல்ல தகட சரி பண்ணு, மிச்சத்துக்குத்தான் பட்டின்னார்.

சென்னை காத்துல வெறும் தகட ராத்திரி விட முடியாது. பொழுது சாயுறதுக்குள்ள எபாக்சி பிரைமர் (துரு ஏறாம தடுக்குற அடிப்பூச்சு) அடிச்சாச்சு. வெறும் கையால தொட்டா விரல் ரேகை கூட துருவா எழும்பும், கிளவுஸ் இல்லாம தொடவே இல்ல.

ஜனவரி 12, ஞாயிறு

பட்டி. ஹார்டனர் (இறுக வைக்கிற மருந்து) கொஞ்சமா கலக்குறது, நிமிஷக்கணக்குல இறுகிடும், அதனால ஒரு நெல்லிக்கா அளவு மட்டும் கலந்து கலந்து போட்டேன். காஞ்சதும் ரப்பர் பிளாக்ல எமரிய சுத்தி தண்ணி தொடாம தேய்க்கணும், பட்டி தண்ணிய குடிச்சா பின்னாடி கொப்புளிக்கும். வெறும் விரலால அழுத்தி தேய்ச்சா பள்ளம் விழும்.

கண்ண நம்பாத, உள்ளங்கைய தட்டையா வச்சு கண்ண மூடிட்டு தடவுன்னு அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை! கண்ணுக்கு சமமா தெரியுற எடத்துல கைக்கு மேடு தெரியுது. கைக்கு ஒண்ணும் தெரியாத வரைக்கும் போட்டு, தேய்ச்சு, போட்டு, தேய்ச்சு. இந்த வேலையில பாதி நேரம் இதுக்குத்தான் போகுது, போகவும் வேணும்.

ஜனவரி 13, திங்கள், போகி

தெரு முழுக்க புகை, கரி பறக்குது. டேங்க்க பாலித்தீன்ல சுத்தி உள்ள வச்சாச்சு. பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

சர்ஃபேசர் (கலருக்கு முன்னாடி சமப்படுத்துற பூச்சு) அடிச்சு, அது மேல அந்த கருப்பு கேன்ல லேசா தூவி, 400ல தேய்ச்சேன். எங்க கருப்பு போகாம நிக்குதோ அங்க பள்ளம். ரெண்டு எடத்துல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை, என்சி பட்டிய (மெலிசா பூசுற கடைசி பட்டி) வச்சு அடச்சிட்டேன். கடைசியா 600.

சென்னை ஜிபி ரோட்டுல ஒரு பெயிண்ட் மிக்சிங் கடைக்கு டேங்க்கயே தூக்கிட்டு போனேன். அடிப்பக்கம் டேப் கிட்ட பழைய சிவப்ப கொஞ்சம் உரிக்காம விட்டிருந்தேன், அத பாத்து ஷேட் கலந்து குடுத்தார், மூணு தடவ அட்டையில அடிச்சு வெயில்ல காட்டி திருத்தி. அவர் பொறுமைக்கு நன்றி.

ஜனவரி 26, ஞாயிறு

பதினோரு மணிக்கு மேலதான் ஆரம்பிச்சேன், காலைல பனி ஈரம் இருக்கும், ஈரத்துல அடிச்சா பெயிண்ட் வெளுத்து பால் பூத்த மாதிரி ஆயிடும். போர்ட்டிகோ தரைய நனைச்சு விட்டா தூசி எழும்பாது. வாடகை கம்ப்ரசர், சின்ன ஸ்ப்ரே கன்.

முதல் கோட்ல சின்ன சின்ன வட்டமா பெயிண்ட் விலகி நின்னுச்சு, பிஷ் ஐ. பழைய சிலிக்கான் பாலிஷோட மிச்சம் எங்கயோ ஒட்டிட்டு இருந்திருக்கு. காய விட்டு, அந்த எடத்த தேய்ச்சு, வாக்ஸ் ரிமூவர்ல தொடச்சு, மறுபடி. மெலிசா மூணு கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கால் மணி நேரம்.

அப்புறம் 2கே கிளியர், ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத மேல்பூச்சு. பெட்ரோல் டேங்க்குக்கு சாதா கிளியர் போதாது, பம்புல ரெண்டு சொட்டு வழிஞ்சா கரைஞ்சு கொழகொழன்னு ஆயிடும், ஹார்டனர் கலந்ததுதான் தாங்கும். ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஆஸ்துமாவையே கொண்டு வரும், துணி மாஸ்க் என்95 எதுவும் அதுக்கு உதவாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் (ஆவிய வடிகட்டுற டப்பா வச்சது) போட்டு, வீட்டுல எல்லாரையும் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் அடிச்சேன். இதுல மட்டும் யாரும் காசு மிச்சம் பிடிக்காதீங்க.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரெண்டு வாரம் தொடாம வச்சிருந்தது. 1500, 2000 எமரியில தண்ணி விட்டு தேய்ச்சு, பாலிஷ் காம்பவுண்ட் போட்டேன், சிவப்பு ஆழமா எழும்பி வந்துச்சு. கிளியர் அடிச்சு பாத்த ஒரு பழைய தகடுல பெட்ரோல் ஊத்தி தொடச்சு பாத்தேன், துணியில கலர் ஒட்டல, மேல்பரப்பு இளகல.

டேப்புக்கு புது கேஸ்கட், புது டியூப், கூடவே ஒரு பில்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுறோம், ஸ்டிக்கர் அப்பா ஒட்டுறேன்னு சொல்லிருக்கார். மிச்ச பெயிண்ட் சைடு பேனலுக்கு.