மிக்சி போட்டால் இலங்கை வானொலி போய்விடும்

முட்டத்தில் தாத்தாவிடம் ஒரு பழைய ரேடியோ இருந்தது. ராத்திரியில் இலங்கை வானொலி நன்றாக எடுக்கும், ஆனால் அம்மா அடுக்களையில் தேங்காய் அரைக்க மிக்சியைப் போட்டால் போதும், பாட்டு போய் ஒரே கரகரப்பு. "ஒரு நிமிசம் நிறுத்து மக்களே" என்று கத்துவார்.

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, பக்கத்து நட்சத்திரத்துல யாராவது பேசினா நமக்குக் கேக்குமா?"

முதல் சிக்கல் தூரம். கடலுக்குள் போன படகின் வயர்லெஸ் கரைக்குக் கேட்காமல் போவதற்குப் பூமியின் வளைவுதான் பெரிய காரணம், விண்வெளியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தூரம் இருமடங்கானால் சிக்னல் கால்பங்காகிவிடும். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது சுமார் 2,500 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது; அதன் டிரான்ஸ்மிட்டர் வெறும் 20 வாட் சொச்சம், ஒரு டியூப்லைட் அளவுகூட இல்லை. அதைக் கேட்கவே 70 மீட்டர் டிஷ் வைத்திருக்கிறார்கள். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியோ ரேடியோ அலையோ 4.24 வருசம் போக வேண்டிய 40 லட்சம் கோடி கிலோமீட்டர். அங்கிருந்து வாயேஜர் பேசினால் இப்போது கேட்பதைவிட சுமார் 25 லட்சம் மடங்கு மெலிந்துதான் வந்து சேரும்.

சரி, பெரிய டிஷ் கட்டிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தலைவலி மிக்சிதான். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல வருடமாக அவ்வப்போது விசித்திரமான சிக்னல்கள் விழுந்தன, 2015இல் பார்த்தால் அங்கிருந்த சமையலறையில் யாரோ மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்திருக்கிறார்கள்! அதனால்தான் டிஷ்ஷை நட்சத்திரத்தின் பக்கம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் வேறு பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள். திருப்பிய பிறகும் கேட்டால் அது நம்ம ஊர்ச் சத்தம். இந்தச் சோதனையையும் ஒன்று ஏமாற்றியது. 2019இல் அதே பார்க்ஸில், பிராக்சிமாவைப் பார்த்தபோது மட்டும் கேட்ட சிக்னல் அது, பிஎல்சி1 என்று பெயர்கூட வைத்தார்கள். பழைய பதிவுகளைத் துழாவியபோது அதே ஜாடையில் வேறு அலைவரிசைகளிலும் சிக்னல்கள் கிடைத்தன, அவை வேறு பக்கம் திருப்பியபோதும் விழுந்திருந்தன. 2021இல் அதுவும் நம்முடையதுதான் என்று முடித்தார்கள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவன், நாம் ஹலோ சொன்னால் பதில் எப்போது வரும் என்றான். போக நாலேகால் வருசம், வர நாலேகால் என்றேன்.

"அதுக்குள்ள நான் காலேஜே முடிச்சிருவேன் மாமா."