லண்டன் மட்சுக்கு உவர்மலையிலிருந்து வர்ணனை

அத்தான் வீடு லண்டனில், ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்துக்கு பஸ்ஸில் போய்விடுகிற தூரம். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி மட்ச் என்றால் அவருக்கு ரீவியில் வராது, வாட்ஸ்அப்பில் என்னைத்தான் பிடிப்பார். இங்கே திருகோணமலை உவர்மலையில் அப்போது இரவு எட்டரை (கோடையில் ஏழரை). ஒரு கையில் புட்டுக் கோப்பை, மற்றக் கையில் போன். "இன்னும் கிட்டப் பிடியடா, பந்து தெரியேல்ல" என்பார், பின்னால் அக்கா சிரிப்பது கேட்கும்.

அத்தான் ரீவிக்குக் காசு கட்டாத ஆளில்லை, மாதாமாதம் கட்டுகிறார். ஆனாலும் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்தை ரீவியில் நேரடியாகக் காட்டக் கூடாது. 1960களில் பேர்ன்லி கழகத் தலைவர் பொப் லோர்ட் மற்றக் கழகங்களைச் சம்மதிக்க வைத்த ஏற்பாடு இது: பெரிய மட்ச் வீட்டுக்குள்ளேயே ஓடினால் சின்னக் கழகத்தின் வாசலில் யார் ரிக்கெட் எடுப்பான்? எங்கள் ஊர் ஏகாம்பரம் மைதானத்தில் நடக்கிற மட்சை நினைத்துப் பார்த்தால் அந்த ஆள் சொன்னது பிழை என்றும் தோன்றவில்லை. 2020இல் கொரோனாவால் மைதானங்கள் வெறுமையாகக் கிடந்தபோது தடையை எடுத்தார்கள், சனம் திரும்பியதும் அதுவும் திரும்பிவிட்டது.

நாங்கள் இங்கே பார்த்தால் பேர்ன்லி வாசலில் ஒரு ரிக்கெட்டும் குறையாது. அதனால் இங்கிலாந்தின் முதல்தரப் போட்டியான பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கும்போது அந்த மூன்று மணி மட்சுகளும் வெளிநாடுகளுக்குப் போய்விடுகின்றன. போர்ட்ஸ்மத்தில் பப் நடத்திய கேரன் மேர்பி இதைக் கண்டுபிடித்து, கிரேக்க நாட்டு டிகோடர் கார்டை (சற்றலைட் ஒளிபரப்பைத் திறக்கிற கார்டு) வாங்கிப் போட்டார். அபராதம் விழுந்தது, விடாமல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார், 2011இல் வெளிநாட்டுக் கார்டைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. பப்பில் போட்டுக் காட்டும் பதிப்புரிமைச் சிக்கல் வேறு கதை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் கூரையில் இருப்பது இந்திய டிஷ். சற்றலைட்டுக்குப் பாக்கு நீரிணை தெரியாது, கார்டுக்குத்தான் எல்லை தெரியும். அந்தக் கார்டு இந்தியாவில் யாருடைய விலாசத்தில் பதிந்திருக்கிறதோ, கடைக்காரத் தம்பிக்குத்தான் வெளிச்சம், ரீசார்ஜும் அவன்தான்.

போன சனி எழுபதாவது நிமிடத்தில் ரீசார்ஜ் முடிந்து திரை நீலமாகிவிட்டது. அத்தான் லைனில்தான் இருந்தார். "என்னடா, கோலா?" என்றார்.