காற்றாலைக்குப் பக்கத்தில் பேட்டரி: கணக்கு எங்கே இடிக்கிறது

உடுமலை, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்களிடம் பேசினால் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது: பேட்டரி விலை இவ்வளவு இறங்கிவிட்டதே, நாமும் ஒன்று போட்டுவிடலாமா? காற்றை மட்டும் நம்பிப் போடாதீர்கள் என்பதுதான் என் பதில்.

விலை இறங்கியது உண்மை. 2022ல் மத்திய அரசின் சூரிய மின்சக்தி நிறுவனமான செகி நடத்திய ஏலத்தில் இரண்டு மணி நேர பேட்டரிக்கு, அதாவது முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் மின்சாரம் கொடுக்கும் பேட்டரிக்கு, மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.84 லட்சம் ரூபாய். 2024ல் குஜராத் ஏலத்தில் அதுவே சுமார் 3.7 லட்சம், அப்புறமும் இறங்கியிருக்கிறது. ஆனால் வாடகையை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது, பேட்டரியை வருஷத்துக்கு எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அந்த 3.7 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மெகாவாட் பேட்டரியை இரண்டு மணி நேரம் ஓட்டி ஒரு தடவை இறக்கினால் 2,000 யூனிட். வருஷம் முழுக்க தினம் ஒரு தடவை என்றால் யூனிட்டுக்கு வாடகை மட்டும் 6 ரூபாய் சொச்சம், தினம் இரண்டு தடவை ஓட்டினால் 3 ரூபாய். காற்று சீசனில் மட்டும், அதாவது நாலு மாசம் தினம் ஒரு தடவை ஓட்டினால்? 18 ரூபாய்! உள்ளே போகிற மின்சாரத்தின் விலையும், ஏற்றி இறக்குவதில் போகிற பதினைந்து சதவீதம் போல வரும் இழப்பும் தனி. மின்சாரச் சந்தையின் வழக்கமான ஏலத்தில் யூனிட்டுக்கு உச்சவரம்பே 10 ரூபாய்தான், அப்புறம் எப்படிக் கட்டுப்படியாகும்?

சீசன் நேரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூலையில் காற்று ராத்திரியிலும் விடாமல் அடிக்கும்போது, மத்தியானம் சேமித்ததைச் சாயங்காலம் விற்கலாம் என்ற கணக்கே பாதி அடிபட்டுப்போகிறது. தமிழ்நாட்டின் மின்தேவை அந்த வருஷ உச்சமாக 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2ஆம் தேதி, காற்று இன்னும் சரியாகப் பிடிக்காத நேரம். பேட்டரி சில மணி நேரத்தைத் தாண்டவைக்கும், மாசங்களைத் தாண்டவைக்காது.

மாசங்களைத் தாண்டவைத்தது பேங்கிங். ஜூலையில் கிரிட்டில் கொடுத்த யூனிட்டை பிப்ரவரியில் மில் ஓட்ட எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பங்கு யூனிட்டைக் கழித்துக்கொள்வார்கள். 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு அந்த ஒரு வருஷ வசதி ஒரு மாசமாகச் சுருங்கிவிட்டது. மின்வாரியத்துக்கும் அதில் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘அதுதான் பேட்டரி வந்துவிட்டதே’ என்று சொல்லி பேங்கிங்கைக் குறைப்பது நியாயமே இல்லை, இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு.

உடனே ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலைக் காட்டுவார்கள். 2017ல் காற்றாலைப் பண்ணைக்குப் பக்கத்திலேயே 100 மெகாவாட் பேட்டரி போட்டு நல்ல லாபமும் பார்த்தார்கள், சரி. அந்த வருமானத்தில் பெரும்பங்கு கிரிட்டின் அலைவெண் ஆடாமல் நொடிக்கணக்கில் தாங்கிப் பிடித்ததற்காக வந்தது, காற்று மின்சாரத்தைச் சேமித்து விற்றதில் வந்ததல்ல. அங்கே அதற்குத் தனிச் சந்தை இருக்கிறது. இங்கே ஒரு மில்காரர் அப்படி ஒரு வருமானத்தை நம்பி பேங்கில் கடன் வாங்க முடியாது.

அப்படியானால் பேட்டரியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் துணைமின் நிலையத்தில், சோலாரோடு சேர்த்து. முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைக்காக இழுத்த லைன்கள் சீசன் முடிந்ததும் பெருமளவு சும்மா கிடக்கின்றன. அதே லைனில் சோலாரை இணைத்தால் அது வருஷம் முழுக்க மத்தியானத்தில் பேட்டரியை நிரப்பும், சாயங்காலம் இறக்கலாம். காற்று சீசனில் லைன் நெருக்கடியால் காற்றாலையை நிறுத்தச் சொல்லும் நேரங்களில் அந்த யூனிட்டும் அதே பேட்டரிக்குள் போகும். லைன் செலவு மூன்று பேருக்கும் பிரியும், பேட்டரியும் வருஷத்துக்கு முன்னூறு தடவைக்கு மேல் ஓடும். காற்றாலை வைத்திருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான், ஆளுக்கொரு பேட்டரிக்கான மானியத்தை அல்ல.