பெயருக்குள் ஒரு சாய்கோடு

பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் இணையவழி நடத்தும் நீரிழிவு முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து விண்ணப்பித்தபோது, எல்லாவற்றையும்விட என் பெயர்தான் அதிக நாள்களை விழுங்கியது. அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே 'ஏ/பி' இருக்கிறது. தாதிமைப் பட்டயத்தில் அது இல்லை. தாதியர் பதிவுச் சான்றிதழிலோ அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து குறைவு. இத்தனை வருடப் பணியில் ஒருவரும் இதைப் பொருட்படுத்தியதில்லை. சேர்க்கைப் பிரிவினரோ, இவை மூன்றும் ஒரே பெண்ணுடையவைதாமா என்று கேட்டதோடு, 'ஏ/பி' என்பது நடுப்பெயர்களின் முதலெழுத்துகளா என்றும் விசாரித்திருந்தனர்.

அது மலாயில் 'அனாக் பெரம்புவான்', அதாவது இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம் என்று நான் எழுதிய விளக்கம் போதவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப்பிரமாண ஆணையர் முன்னிலையில் எடுக்கும் 'சூராட் அக்குவான் சும்பா' என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும், எல்லாச் சான்றிதழ்களுக்கும் உறுதிசெய்யப்பட்ட நகல்களும் தேவைப்பட்டன.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பேருந்து ஏறிய நாள் வெள்ளிக்கிழமை. அதுவே என் முதல் தவறு. உறுதிமொழி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நகல்களுக்காக ஓர் அலுவலகத்திற்குப் போனேன். முகப்பிலிருந்த கிராணி (எழுத்தர்) என் தாள்கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்திட வேண்டிய அதிகாரி பிற்பகலில்தான் வருவார் என்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகை இடைவேளைக்காக 12.15க்கு மூடிய கதவு 2.45க்குத் திறக்கும்வரை ஐந்தடி நடைபாதையில் காத்திருந்தேன். அதிகாரி வந்ததும் முதலில் கேட்டது மூலச் சான்றிதழை. அது வீட்டு அலமாரியில் இருந்தது. நகலுக்குக் கையெழுத்து வாங்க மூலத்தைக் கொண்டு போகாதது என் பிழைதான். ஆனால் காலையிலேயே எல்லாத் தாள்களையும் புரட்டிய கிராணி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் விடுப்பு மிஞ்சியிருக்கும். இதில் இன்னும் எரிச்சலானது, எங்கள் கிளினிக்கின் மருத்துவ அதிகாரியே நகல்களில் கையெழுத்திடத் தகுதியானவர் என்பது பிறகு தெரியவந்ததுதான். மறுவாரம் அவர் தேநீர் இடைவேளையில் முடித்துக் கொடுத்தார். உறுதிமொழி எடுப்பவர்கள் தங்கள் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் அதே தாளில் குறிப்பிட வேண்டும். ஒன்றை விட்டால் மறுபடியும் பேருந்துதான்.

பணிச்சான்றுக் கடிதம், கட்டணம் ஆகியவை சிக்கலின்றி முடிந்தன. அரசுப் பணியில் இருப்போர் பணம் கட்டுமுன் அப்பட்டயத்திற்கு ஜேபிஏ எனும் பொதுச் சேவைத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். நான் கட்டிய பிறகு பார்த்து, இரண்டு நாள் வயிறு கலங்கினேன்.

படிப்பு தொடங்கிய பின் என்னைக் கவிழ்த்தது கடிகாரம். ஒப்படைப்பு நேரம் அவர்களுக்கு நண்பகல்; நமக்கு இரவு 8 மணி. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அவர்கள் நண்பகல் நமக்கு இரவு 7 மணியாகிவிடும் என்பதை மறந்து, அடுத்த நாள் 7.40க்கு அனுப்பிய கட்டுரைக்குத் தாமத மதிப்பெண்தான் கிடைத்தது.

நோயாளி ஆய்வும் ஒருமுறை திரும்பி வந்தது. தைப்பூச விரதத்தில் ஒருவேளை உணவோடு, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையை வழக்கம்போல் இரண்டு வேளையும் விழுங்கி, 3.4 மில்லிமோல் என்ற தாழ்ந்த சர்க்கரையோடு வியர்த்து வந்த ஒரு பாட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். பெயரை எழுதவில்லை. ஆனால் தோட்டத்தின் பெயர், வயது, எந்தக் கால் விரல் அகற்றப்பட்டது என்பது வரை எழுதியிருந்ததால், நோயாளியின் மறைகாப்பை மீறியதாகச் சொல்லி மதிப்பிடாமலே திருப்பிவிட்டார்கள். நம்மூரில் விரல் ஒன்றே போதும், ஆளைச் சொல்லிவிடலாம். கண்டிப்பு சரிதான் என்று ஒப்புக்கொண்டு அடையாளங்களை நீக்கினேன்.

ரமலான் நோன்புக்கு அனைத்துலக வழிகாட்டி உண்டு. நம் விரதமோ பாலும் பழமும் நண்பகல் மரக்கறிச் சோறுமாக வேறு கணக்கில் நடப்பது. அந்த வேறுபாட்டை விளக்கிய பகுதிக்குத்தான் மறுமுறை நல்ல மதிப்பெண் கிடைத்தது. அடுத்த தைப்பூசத்திற்கு மூன்று வாரம் இருக்கும்போதே அந்தப் பாட்டி கிளினிக்குக்கு வந்து, "மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்), விரதம் எடுக்கப் போறேன், இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டுக் குறைச்சுக் குடுங்க" என்றார்.